வெறும் நெற்றி

பாளையங்கோட்டை,
1913 அக்டோபர் 18, சனிக்கிழமை.

அன்புள்ள தம்பி தேவசிகாமணிக்கு, உன் அக்காள் பாக்கியவதி எழுதுவது.

நீயும் உன் வீட்டாரும் அந்த இலங்கைத் தேயிலை மலைக் குளிரில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுத இன்று கை வரவில்லை.

“எங்க அம்மை எப்பம் வருவா?” இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?  கேட்பவள் நம்முடைய அம்மா. எழுபத்தைந்து வயதில் தன் தாய் வந்து தன்னை வீட்டுக்கு அழைத்துப் போவாள் என்று காத்திருக்கிறாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கேட்கிறாள். இருபத்துமூன்று வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே பிழைக்கிற நான் அவள் முன்னால் ஊமையாக நிற்கிறேன். வருவாள் என்றால் பொய். செத்துப்போனாள் என்று ஒரு முறை உண்மையைச் சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொன்னால் எப்படி அழுமோ அப்படி அழுதாள். அரை மணி நேரம் கழித்து, எல்லாவற்றையும் மறந்துவிட்டு மறுபடியும் கேட்டாள். அந்தத் துக்கத்தை அவளுக்கு இரண்டாம் முறை கொடுக்க எனக்குத் துணிவில்லை.

போன கடிதங்களில் மறதி அதிகம், திருநீறு கேட்கிறாள் என்று மட்டும் எழுதியிருந்தேன். உன்னைப் பயமுறுத்த வேண்டாம் என்று பாதியை மறைத்தேன். ஆகஸ்டில் என் பெயர் போயிற்று. செப்டம்பரில் அப்பாவின் நினைவும் போயிற்று. சுவரிலிருக்கும் படத்தைக் காட்டி, இந்தத் தாடிக்காரர் யார் என்று கேட்டாள். இப்போது சாரம்மாள் என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. உலகம்மை என்றால் திரும்புகிறாள். ஞானஸ்நானத்துக்கு முன் அவளுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது என்று எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. உனக்குத் தெரியுமா?

பதினாறு வயதில் அப்பாவோடு அவள் கிறிஸ்து வேதத்துக்கு வந்தபோது, அம்பாசமுத்திரத்தில் அவள் வீட்டார் ஆற்றில் தலைமுழுகி, செத்தவளுக்குச் செய்கிறதுபோல அவளுக்குக் காரியம் செய்துவிட்டார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாமும் கேட்டதில்லை. அந்த வீட்டைவிட்டு வந்ததையே இப்போது மறந்துவிட்டாள். அவள் கணக்கில் அவள் இன்னும் அந்தச் சைவ வீட்டுப் பிள்ளை. யாரோ பாதிரி வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் நெற்றியில் ஒன்றுமில்லாதவர்கள், கவிச்சி தின்கிறவர்கள். எங்கள் கையால் சாப்பிட்டால் வீட்டில் சேர்க்கமாட்டார்கள். ஆகையால் சாப்பிட மறுக்கிறாள்.

இதை நான் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். தம்பி, அம்மா திங்கட்கிழமையிலிருந்து ஒரு வாய்ச் சோறு சாப்பிடவில்லை.

அதற்கு முன் பன்னிரண்டு நாள் பக்கத்துத் தெரு நீலாம்பாள் காப்பாற்றினாள். அவள் கணவர் வக்கீல் குமாஸ்தா, சைவர்கள். அவள் நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும் அம்மாவின் முகமே மாறிவிட்டது. நீலாம்பாள் தன் வீட்டுச் சோற்றைத் தயிர்விட்டுப் பிசைந்து கொண்டுவருவாள். அம்மா வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். திங்கட்கிழமை மகள் பேறுகாலத்துக்காக நீலாம்பாள் ஸ்ரீவைகுண்டம் போய்விட்டாள். போகாதே என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? தை மாதம்தான் திரும்புவாளாம். புறப்படும்போது ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். திருநீறு. “நீங்க முதல்ல பூசிக்கிடுங்க, பொறவு அவுகளுக்குப் பூசிவிடுங்க. வெறும் நெத்தியோட போனா வாங்கமாட்டாக” என்றாள். நான் விழித்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “பி.ஏ. படிச்சவுக, ஒரு சிட்டிகைச் சாம்பலுக்கு இம்புட்டு யோசிக்கியளே! உங்க வீட்டு அடுப்புல இல்லாத சாம்பலா? எங்க சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன், உங்க சாமிகிட்ட நீங்க பேசிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு வண்டியேறினாள்.

அந்தப் பொட்டலம் ஐந்து நாளாக என் மேசை டிராயரில் இருக்கிறது.

பழம் கொடுத்துப் பார்த்தாயா என்று கேட்பாய். இரண்டு நாள் வாங்கினாள். மூன்றாம் நாள், நாங்கள் தொட்டது என்று அதையும் தள்ளிவிட்டாள். தண்ணீர் மட்டும் தானே மொண்டு குடிக்கிறாள். டாக்டர் சொன்னபடி கிண்ணத்தின் மூக்கை வாயில் வைத்துக் கஞ்சி புகட்டினோம். நானும் ஏசுவடியாளும் கையைப் பிடித்துக்கொண்டோம். என் விரலைக் கடித்துவிட்டாள். வலித்தது என்பதற்காக இதை எழுதவில்லை. கடிக்கும்போது அவள் கண்ணில் இருந்த பயத்தை நான் மறக்கமாட்டேன். இனி அப்படிச் செய்யமாட்டேன். நாடி இறங்குகிறது, இன்னும் இரண்டு மூன்று நாள் இப்படியே போனால் தன்னால் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் இன்று காலை சொன்னார்.

ஏசுவடியாளைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து வருஷமாக நம் வீட்டில் சமைக்கிறாள். அம்மா அவளிடம், நீ எந்தத் தெருக்காரி, என்ன ஆளுக என்று கேட்டாள். அப்பாவோடு தேரிக்காட்டுக் குடிசைகளில் உட்கார்ந்து பனையேறிகள் வீட்டில் சாப்பிட்ட அம்மா! ஏசுவடியாள் கோபப்படவில்லை. “நான் ஆண்டவர் தெருக்காரி, தெக்கால கடைசி வீடு. கஞ்சியைக் குடிங்க” என்றாள். பிறகு கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

முதுமையில் எல்லாமே கெட்டது என்று எழுதினால் அதுவும் பொய்யாகும். நாற்பத்தைந்து வருஷம் போதகர் மனைவியாக நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த அம்மா, போன மாதம் தரையில் காலை நீட்டிக்கொண்டு புளியங்கொட்டை வைத்து விளையாடினாள். கும்மிப் பாட்டுப் பாடினாள். அவள் பாடி ஞானப்பாட்டைத் தவிர வேறொன்றை நான் கேட்டதில்லை. தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு வந்த பேதியில் நம் கூடப்பிறந்த மூன்று பேர் ஒரே வாரத்தில் போனார்களே, அந்த அக்டோபர் வாரத்தை அம்மா எப்படிக் கழிப்பாள் என்று உனக்குத் தெரியும். இந்த வருஷம் அந்த வாரம் வந்தது, போயிற்று. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வருஷத்துப் பாரத்தை யாரோ கழற்றி வைத்ததுபோல இருந்தது. அதைக் கழற்றிய கைதான் என்னையும் கழற்றிவிட்டது.

எனக்கும் வயது சில நன்மைகளைச் செய்திருக்கிறது. முப்பது வயதில் வெள்ளைக்கார மிஸ்ஸம்மாமார் முன் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது கமிட்டியில் எனக்குத் தோன்றியதைச் சொல்லிவிட்டு எழுந்து வருகிறேன். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பதையும் ஊரார் நிறுத்திவிட்டார்கள். ஆனால் போன வாரம் பூகோள வகுப்பில் கரும்பலகை முன் சாக்குக்கட்டியோடு நின்றேன். பூமத்திய ரேகை என்ற சொல் வரவில்லை. பிள்ளைகள் நான் வேண்டுமென்றே நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு ஒன்றாகச் சொன்னார்கள். அந்த அரை நிமிஷத்தைப் பற்றி உன்னைத் தவிர வேறு யாருக்கும் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மா திருநீறு கேட்கிறாள் என்று நான் எழுதியதற்கு, அவள் நெற்றி அந்தச் சாம்பலைக் காண்பதைவிட அவள் கர்த்தருக்குள் நித்திரையடைவது மேல் என்று எழுதியிருக்கிறாய். அந்த வாக்கியத்தை நான்கு முறை படித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். நீ இங்கே அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதை எழுதியிருக்கமாட்டாய்.

எங்கள் சபைப் போதகர் கிருபைராஜ் ஐயரும் வந்துபோனார். நல்ல மனுஷர், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மாவோ கையை இழுத்துத் துடைத்துக்கொண்டாள். வாசலில் நின்று என்னிடம் தணிந்த குரலில், “சுகமில்லாதவுக, அவுகளை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாக. ஆனா நீங்க பூசிக்கிட்டா கோயில்ல கர்த்தரோட ராப்போஜனம் எப்படிக் கொடுப்பேன்? அம்மாவுக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நம்ம கல்லறைத் தோட்டத்துல வைக்கிறதுக்குக் கமிட்டிக்காரங்க கேள்வி கேப்பாங்களே” என்றார். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு என்று விட்டிருக்கும் இடத்தை நினைத்துக்கொண்டேன். 

நீ நினைக்கிறபடி நான் தயங்குவது பாவத்துக்குப் பயந்து அல்ல. ஜெபம் பண்ணுகிறாயா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். கண்ணை மூடி உட்காருகிறேன். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. என் தயக்கம் வேறு. பதினாறு வயதில் தாய் தகப்பனை விட்டு, தனக்குச் செத்தவள் காரியம் நடந்ததையும் தெரிந்துகொண்டு, ஒருத்தி ஒரு முடிவெடுத்தாள். ஐம்பத்தொன்பது வருஷம் அதிலிருந்து இறங்கவில்லை. அவளைக் கேட்காமல் அதை நான் அழிக்கலாமா? அழிக்காவிட்டால் இந்த ஒன்பது வயது உலகம்மை பட்டினியால் சாகிறாள். இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறார்கள். எனக்கு இருவரும் தாய்தான்.

இந்தக் கடிதம் தூத்துக்குடிக் கப்பலேறி உன் கையில் சேர நாலு நாளாகும். உன் பதில் வர இன்னும் நாலு நாள். ஆகவே உன் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. நாளைக் காலையில் பூசிக்கொள்ளப் போகிறேன். பிறர் சொல்லி நீ கேட்க வேண்டாம் என்று நானே சொல்லுகிறேன். உன் சபையில் உனக்கு இதனால் தலைக்குனிவு வந்தால், அக்காள் படிப்பால் கெட்டுப்போனாள் என்று சொல்லிக்கொள். எல்லோரும் நம்புவார்கள்.

கோபப்படு, ஆனால் வா. லீவு கிடைக்காது என்று எழுதாதே. நான் தனியாக இருக்கிறேன் தேவா.

உன் வீட்டில் எல்லோரும் வேளாவேளைக்கு வயிறாரச் சாப்பிட்டுச் சுகமாயிருங்கள். இன்றைக்கு எனக்கு வேறு ஆசீர்வாதம் எழுதத் தெரியவில்லை.

உன் அக்காள்,
வே. பாக்கியவதி.

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி.

நேற்றே தபாலில் சேர்க்கவில்லை. இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை ஆராதனைக்கு முதல் மணி அடித்தபோது குளித்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று பூசிக்கொண்டேன். பழக்கமில்லாத கை, கோணலாக வந்தது. கண்ணாடியில் யாரோ ஒருத்தி நின்றாள். தயிர்ச்சோற்றுக் கிண்ணத்தையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ஏசுவடியாள் கதவருகில் நின்றாள்.

அம்மா என்னைப் பார்த்தாள்.  பிறகு, “ஏட்டி பாக்கியம், இது என்ன கோலம்? அப்பா பார்த்தா என்ன நினைப்பாக?” என்றாள். எழுந்து உட்கார முயன்றாள். என்னைப் பக்கத்தில் இழுத்து, முந்தானையில் எச்சில் தொட்டு, என் நெற்றியை அழுத்தித் துடைத்தாள். முழுவதும் போகும்வரை விடவில்லை. கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றேன், உண்மைதான். கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடச் சொல்லி, ஜெபத்தை அவளே ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். சோற்றை உருட்டி என் வாயில் வைத்தாள். நீங்கள் சாப்பிடுங்கள் அம்மா என்று அவள் கையை அவள் வாய்ப்பக்கம் திருப்பினேன். “பிள்ளையள் சாப்பிட்ட பொறவுதான் எனக்கு” என்றாள். நான் வாயை மூடிக்கொண்டால் முகம் வாடிற்று. திறந்தேன். கிண்ணம் முழுவதும் எனக்கே ஊட்டினாள். ஏசுவடியாள் ஓடிப்போய் இன்னொரு கிண்ணம் கொண்டுவந்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இது தேவாவுக்கு. எங்க அவன்? கூப்பிடு, அவன் சாப்பிட்டதும் நான் சாப்பிடுதேன்” என்றாள். மற்ற மூன்று பேரையும் கேட்பாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. வருகிறான் அம்மா என்றேன். சரி என்று கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இதை நீ ஒரு நாளும் பிரசங்கத்தில் சொல்லக் கூடாது. இது சாட்சி அல்ல. மத்தியானத்துக்குள் மறுபடி என்னைத் தெரியாமல் போயிற்று. ஆனால் கிண்ணத்தை மட்டும் விடவில்லை. யாருக்கு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இப்போதுவரை ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நாடி காலையில் இருந்ததைவிட மெலிந்திருக்கிறது.

ஏசுவடியாளின் புருஷனைத் தந்தி ஆபீஸுக்கு அனுப்பியிருக்கிறேன். அம்மாவுக்கு ஆபத்து, உடனே புறப்படு என்றுதான் முதலில் எழுதினேன். பிறகு அதைக் கிழித்துவிட்டு, அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று எழுதிக் கொடுத்தேன்.