தொட்டி விளிம்பில் உன் அம்பு

இன்று காலை ஹைட்ரேஞ்சியா பூச்செடியின் கீழிலை ஒன்றில் ஊதா விளிம்போடு பழுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன். நீ கண்ணை மூடிய பிறகு, "அக்காகிட்டக் குடுக்கோணும்னு சொன்னாளுங்க" என்று உன் வீட்டுக்காரர் கொண்டுவந்து வைத்த செடி. இதையும் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

பனியன் கம்பெனியில் ஊட்டிக்குக் கூட்டிப்போனபோது, துணியில் பழுது பார்க்கும் நம் செக்கிங் டேபிளில் எல்லாரும் வர்க்கி பிஸ்கட் வாங்கினோம். நீ மட்டும் இந்தத் தொட்டியை வாங்கி, திருப்பூர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். "ஏட்டி, இந்த வெயிலுக்கு இது பொழைக்குமா?" என்றேன். "தூத்துக்குடியில இருந்து வந்து நீங்க பொழைக்கலீங்களா?" என்றாய்.

அடுத்தடுத்திருந்த நம் வீடுகளுக்கு நடுவில் நீ வைத்த செடியில் அந்த மழைக்காலத்தில்தான் முதல் புள்ளிகள் வந்தன. பனியனில் கறை பார்த்தே பழகிய கண் உனக்கு. கறை எடுக்கும் ஸ்பிரேயைக் கொண்டுவந்து இலைமேல் அடித்துவிட்டாய். மறுநாள் இலை கருகித் தொங்கியது. "பனியன் பீஸுன்னு நெனச்சுப்போட்டேனுங்க்கா" என்று நீ சிரித்த சிரிப்பில் எனக்குக் கோபம்கூட வரவில்லை.

பிறகு, துணியில் பழுதைக் காட்ட நாம் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை எடுத்து, புள்ளி விழுந்த இலைகளில் எல்லாம் ஒட்டிவைத்தாய். அம்புகள் அத்தனையும் நான் சாயங்காலம் தண்ணீர் ஊற்றும் பக்கத்திலேயே இருந்தன. வாசல் தெளிப்பதுபோல் இலைமேல் வீசி ஊற்றுவேன். ராத்திரி முழுக்க ஈரம் காயாமல்தான் புள்ளி விழுந்திருக்கிறது. "எலைக்குத் தாகமில்லீங்க்கா, வேருக்குத்தானுங்க" என்று தொட்டி விளிம்பில் மண்ணைப் பார்த்து ஓர் அம்பு ஒட்டினாய். கெட்ட இலைகளைப் நூல் பிசிறு வெட்டும் கத்தரியால் நறுக்கி, மண்ணில் விழவிடாமல் கவரில் போட்டுக் கட்டினாய். கத்தரியையும் ஸ்பிரிட்டால் துடைத்தாய். அதன்பின் காலையில்தான் தண்ணீர்.

மத்தியானம் செடி தலை தொங்கினால் நான் பதறுவேன். "அது நோயில்லீங்க்கா, வெயிலு. பொழுது சாஞ்சா நிமுந்துக்குமுங்க" என்பாய். என் வீட்டுக்காரர் இறந்து, ஊருக்கே போய்விடலாம் என்று நான் மூட்டை கட்டிய அன்றைக்கும் நீ, "பொழுது சாயட்டுங்க்கா" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாய். இன்னும் இங்கேதான் இருக்கிறேன். அதற்கு உனக்கு ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், கண்ணு.

அந்த இலையை நறுக்கிக் கவரில் கட்டினேன். கத்தரியைத் துடைத்தேன். மற்ற இலைகள் சுத்தமாக இருக்கின்றன. உச்சியில் மொட்டு கட்டுகிறது. விளிம்பில் உன் அம்பு வெளுத்து ரோஸாகிவிட்டது. புதிதாக ஒன்றை உரித்தேன். உன்னுடையதன் மேல் ஒட்ட மனம் வரவில்லை. பக்கத்தில் ஒட்டிவிட்டு, இரண்டும் காட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றினேன்.