பெரியவருக்கு பைபாஸ் இல்லை

அன்பு மகனுக்கு,

நான் நலம், அப்பா நலம், அப்பாவின் இதயம் எங்கள் எல்லாரையும்விட நலம். நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் நீ பாதியில் குறுக்கே பாய்கிறாய், நான் மீதியில் அழுது தொலைக்கிறேன், கடிதத்தில் அந்த இரண்டு தொல்லையும் இல்லை என்பதால் எழுதுகிறேன், அவசரமாக நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து படி. முதலில் அந்த பைபாஸ் விவகாரம். நம் பிக்கப் வண்டிக்குப் ‘பெரியவர்’ என்று பேர் வைத்தது நீதான், உன்னைவிட அது மூத்தது என்று சின்ன வயதில் கண்டுபிடித்து அதற்கு வணக்கம்கூட வைப்பாய். இந்தப் பேர் உன் அத்தைக்குத் தெரியாது. நான் அவளிடம் போனில், பெரியவருக்கு ஹீட்டர் போய்விட்டது, உள்ளே கசிகிறது, பைபாஸ் போதும் என்கிறார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டர் அவள் காதில் ஹார்ட் ஆகிவிட்டது. பெரியவர் யார் என்று அவள் கேட்கவே இல்லை, இந்த வீட்டில் அப்பாவை விட்டால் வேறு பெரியவர் யார் என்று நினைத்திருப்பாள். சாயங்காலத்துக்குள் அப்பாவுக்கு மாரடைப்பு, பிடிவாதக்காரி ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறாள் என்று கண், காது, மூக்கு எல்லாம் வைத்து சேதி உன்வரை வந்து சேர்ந்தது. நீ அலறிக்கொண்டு கூப்பிட்டபோது போனை எடுத்ததே அப்பாதான், கொட்டாவி விட்டுக்கொண்டே “யாருக்குடா ஹார்ட்டு?” என்று கேட்டார். அத்தோடு சிரித்து முடித்திருக்க வேண்டிய கதை, நீ முடிக்கவில்லை.

இன்றைக்குப் பொய்யாகப் போனது நாளைக்கு நிஜமாக நடந்தால் அந்த மலைப்பாதையில் அம்மா என்ன செய்வாள் என்று உன் மாமாவிடம் கேட்டாயாம். கேட்டது தப்பில்லை. கேட்ட கையோடு வண்டியை விற்க ஆள் பார்க்கச் சொல்லி, சலவைக்கூடத்தைப் பூட்டச் சொல்லி, எங்களை உன் வீட்டுக்கு அனுப்பி வைக்கவும் சொன்னாயே, அதுதான் தப்பு. எங்களுக்கு ஒதுக்கிய அறைக்கு மருமகள் திரைச்சீலைகூடத் தைத்துவிட்டாளாம். அவள் தங்கமான பெண், அவளை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் வண்டி என் பேரில் இருக்கிறது, ஓட்டுகிறவள் நான், லாட்ஜுகளுக்கும் மருத்துவமனைக்கும் விரிப்புகளைத் துவைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள் நான், என்னிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. மெக்கானிக் எதை பைபாஸ் என்றான் தெரியுமா, ஹீட்டருக்குப் போகிற குழாயையும் வருகிற குழாயையும் வெளியிலேயே ஒன்றாக இணைத்துவிடுவது, தண்ணீர் அதற்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போய்விடும், வண்டி பாட்டுக்கு ஓடும், உள்ளே அது செத்துக் கிடக்கும். நீயும் மாமாவும் சேர்ந்து எனக்குச் செய்யப் பார்த்தது அதேதான்டா கண்ணா. பெற்ற பிள்ளை என்பதால் இதோடு விடுகிறேன்.

பழுது ஆரம்பித்த விதத்தைக் கேட்டால் சிரிப்பாய். ஒரு லாட்ஜ் மேனேஜர், விரிப்பில் இனிப்பு வாசனை அடிக்கிறது, இருமல் மருந்து கொட்டியதா என்று கேட்டார். முன்சீட்டில் வைத்துக் கொண்டுபோன மூட்டையில் மட்டும் அந்த வாசனை. அப்பாவின் காலடியில் கால்மிதி நனைந்திருந்தது, ஈரக்குடையை அங்கே வைக்காதீர்கள் என்று ஒரு வாரம் அவரை வைதேன், அவரும் குடையே எடுத்து வரவில்லை என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். பிறகு முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஒரு பிசுபிசுப்பு, துடைக்கத் துடைக்க இழுபட்டது, பனியில் எதிரே வருகிற லாரி மாவு மூட்டை மாதிரி மங்கலாகத் தெரிந்தது. அப்புறம்தான் மெக்கானிக் பார்த்துவிட்டு ஹீட்டர் கோர் ஓட்டை என்றான். இன்ஜினைச் சுற்றி வருகிற சுடுநீர் அதற்குள்ளும் ஓடும், அதன்மேல் விசிறி காற்றை ஊதும், அந்தச் சூடுதான் கண்ணாடியில் படிகிற பனியை விலக்கும், அப்பாவின் முழங்காலுக்கும் ஒத்தடம் கொடுக்கும். அதை மாற்ற வேண்டும் என்றால் டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டுமாம், இந்தக் கிழட்டு வண்டிக்கு அந்த வேலையை எவனும் செய்ய மாட்டான், பேசாமல் பைபாஸ் போட்டுக்கொள்ளுங்கள், குளிர்ந்தால் சால்வை போர்த்திக்கொள்ளுங்கள் என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சால்வையை முன்கண்ணாடிக்குமா போர்த்துவது என்று கேட்டுவிட்டு, புது ஹீட்டர் கோர் ஒன்றை மட்டும் வரவழைத்துக் கொடு, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

சொன்னது சொன்னதுதான், புது கோர் வந்து சேர்ந்ததும் வேலையில் இறங்கினோம். பேட்டரியைக் கழற்றினோம், ரேடியேட்டர் தண்ணீரைப் பாத்திரத்தில் பிடித்தோம், அதில் கலந்திருக்கிற கூலன்ட் மருந்து இனிக்கும், ஆனால் விஷம், அதனால் பக்கத்து வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொன்னேன், அது நாள் முழுவதும் என்னைப் பார்த்துக் குரைத்தது. ரப்பர் குழாய்கள் துருவோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டோம் என்றன, இழுத்தால் முனை முறிந்துவிடும் என்று கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்தேன். திருகாணிகள் கலந்துவிடக் கூடாது என்று அப்பாவின் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டேன், கிழமைக்கு ஒரு குழி இருக்கிறதே அதுதான், திங்கள் குழியில் சாமான் பெட்டியினுடையவை, செவ்வாயில் ஸ்டியரிங் கீழே இருப்பவை, வியாழன் வரை நிரம்பிவிட்டது. சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா பழக்கதோஷத்தில் டப்பாவைத் திறந்து, “இன்னைக்கு டோஸ் கொஞ்சம் ஸ்ட்ராங்கா இருக்கே” என்றார். டேஷ்போர்டின் பின்னால் இரண்டு போல்ட் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, டார்ச் அடித்துப் பார்த்துப் பார்த்து என் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்பா என்னை நகரச் சொல்லிவிட்டுக் கையை உள்ளே விட்டார். அவர் கண் எப்படி மங்கிவிட்டது என்று உனக்குத் தெரியும், அந்த இடுக்கில் யார் கண்ணும் உதவாது, விரல்தான் பார்க்க வேண்டும், அவர் விரல் பார்த்தது. டேஷ்போர்டைத் தூக்கிக்கொண்டுபோய் விரிப்பு மடிக்கிற மேஜையில் படுக்க வைத்தோம், அத்தனையையும் பிரித்துப் போட்டு உள்ளேயிருந்து எடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்குத்தான் இருந்தது, மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதைதான்.

அந்த நேரம் பார்த்து உன் மாமா வண்டி வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். வந்தவர் டேஷ்போர்டு இல்லாத வண்டியையும் மேஜைமேல் கிடந்த டேஷ்போர்டையும் மாறி மாறிப் பார்த்தார், துணியெல்லாம் துருவோடு நின்ற என்னைப் பார்த்தார், நாளைக்கு வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். மாமா மட்டும் இருந்து, இந்த வயசில் உனக்கு ஏன் அக்கா இந்த வேலை என்று தலையில் அடித்துக்கொண்டான், டீ கொடுத்து அனுப்பினேன். பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், தண்ணீர் ஊற்றினோம், வண்டியைக் கிளப்பினோம், இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் நடுவுக்கு வந்தது, ஹீட்டரைத் திருப்பினேன், கிணற்றடிக் காற்று மாதிரி ஜில்லென்று வந்தது. சாண் ஏறினால் முழம் சறுக்கிவிட்டது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன், மறைக்கவில்லை. விற்றுவிடலாம் என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது, உன் வீட்டுத் திரைச்சீலை என்ன நிறம் என்றுகூட யோசித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா, நம் சலவைக்கூடத்து வெந்நீர்க் குழாய் சூடாகாமல் மக்கர் பண்ணும்போது என்ன செய்வோம் என்று கேட்டார். உயரத்தில் இருக்கிற திருகைத் திறந்து உள்ளே அடைத்திருக்கிற காற்றை விடுவோம். வண்டியில் அப்படி உயரம் எங்கே இருக்கிறது என்றேன், நாம்தான் உண்டாக்க வேண்டும் என்றார்.

மறுநாள் காலை மாமாவும் வண்டி வாங்குகிறவரும் மறுபடி வந்தபோது, சூடு வருகிறதா என்று மாமா கேட்டான், வரவில்லை என்றேன், பொய் சொல்லவில்லை. ஏறுங்கள் என்று வந்தவரை முன்சீட்டில் உட்கார வைத்து, அப்பாவை நடுவில் வைத்து, தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற செங்குத்துத் தெருவில் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தினேன். இன்ஜின் இன்னும் சூடேறவில்லை, அதனால் பயமில்லாமல் ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஹீட்டரை முழுவதும் வைத்துவிட்டு ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் களகளவென்று குமிழி வந்தது, தண்ணீர் மட்டம் தபக்கென்று இறங்கியது, ஊற்றினேன், மறுபடி இறங்கியது, மறுபடி ஊற்றினேன். குமிழி நின்றதும் மூடியைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் தெரிந்தது அப்பாவுக்குத்தான், முழங்காலைத் தடவிக்கொண்டு “வந்துடுச்சு” என்றார். கண்ணாடியில் படிந்திருந்த பனி கீழேயிருந்து மேலே விலகிக்கொண்டே போனது. வாங்க வந்தவர் துவாரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு விலையைக் கூட்டிச் சொன்னார். “இது விக்கிற வண்டி இல்லைங்க” என்றேன், இறங்கும்போது கதவை மெதுவாகச் சாத்தச் சொன்னேன். உன் மாமா பின்னால் விரிப்பு மூட்டைகளோடு உட்கார்ந்து வந்தான்.

எனக்குப் பயமே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைக்காத நாள் கிடையாது, நீ அங்கே தூங்காமல் புரள்வதும் எனக்குத் தெரியும், அதற்காக உன்மேல் எனக்குப் பாசம்தான் கூடுகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், இந்த வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போது உன் அப்பா வேலைக்குப் போகிற மனிதர், எந்த லாட்ஜுக்கு எத்தனை விரிப்பு என்று மனப்பாடமாகச் சொல்கிறவர். நீ ஒதுக்கி வைத்திருக்கிற அறையில் அவர் கண் தெரியாத கிழவர். அவரை அப்படி உட்கார வைத்துப் பார்க்க நான் சம்மதிக்க மாட்டேன், என்னால் ஓட்ட முடியாத நாள் வந்தால் நானே சாவியைக் கழற்றி உன் கையில் கொடுப்பேன், அந்த நாளை நீ குறிக்காதே.

நேரில் வந்து பேசித் தீர்க்கப்போவதாக மாமாவிடம் சொன்னாயாம், தாராளமாக வா, மருமகளையும் கூட்டி வா. குளிர் அதிகம், காலுறை எடுத்து வை, பயணத்தில் கண்டதைச் சாப்பிடாதே. கழற்றும்போது காற்றுத் துவாரத்தின் பிளாஸ்டிக் மூடி ஒன்று என் கையோடு வந்துவிட்டது, இங்கே கிடைக்கவில்லை, அங்கே பழைய வண்டிச் சாமான் கடையில் விசாரித்து மறக்காமல் வாங்கி வா. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம். ஸ்டேஷனில் இறங்கி டாக்ஸி பிடிக்காதே, நான்தான் வந்து அழைத்துப்போவேன், மேலே வந்து சேரும்வரை வழியில் ஒரு புத்திமதியும் சொல்லக் கூடாது.

இப்படிக்கு,
வண்டியை விற்காத
உன் அம்மா