பாப்புவின் முன்பல்

என் அன்புக்குரியவருக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நான் நலம். பாப்புவைப் பற்றித்தான் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. போனிலேயே சொல்லியிருக்கலாம். கப்பலிலிருந்து லைன் கிடைப்பதே அபூர்வம், கிடைத்தாலும் நீங்கள் குறுக்கே பேசிவிடுவீர்கள், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுவேன். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. கம்பெனி ஆபீசில் கொடுத்துவிட்டால் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கைக்கு வந்துவிடும் என்றார்கள்.

காது கேளாத பிள்ளைகளின் பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லியிருந்தேன். பேச்சுப் பயிற்சி ஆசிரியை. அந்தப் பிள்ளைகள் டீச்சரின் வாயைப் பார்த்துத்தான் வார்த்தையைப் பிடிக்கிறார்கள். நம் பாப்புவோ சின்ன வயதிலிருந்தே பேசும்போதும் சிரிக்கும்போதும் கையால் வாயை மறைப்பவள். எதனால் என்று நான் எழுத வேண்டியதில்லை, அந்த ஒரு முன்பல். சேர்ந்த புதிதிலேயே ஒரு குட்டிப் பெண் எழுந்து வந்து இவள் மணிக்கட்டைப் பிடித்து வாயிலிருந்து கையை இழுத்துவிட்டிருக்கிறாள். பிறகு பல்லைப் பார்த்து, அது ஏன் கறுப்பு என்று சைகையில் கேட்டிருக்கிறாள். தலைமை ஆசிரியையும் கூப்பிட்டு, "கையை எடுக்கலேன்னா இந்த வேலை உங்களுக்குச் சரிப்படாதும்மா" என்று தன்மையாகவே சொல்லிவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் ஒரே பல் ஆராய்ச்சி. மாடி வீட்டு அக்கா எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைக் குழைத்துத் தேய்க்கச் சொன்னார். அது பல்லின் மேல்பூச்சையே அரித்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டு அதை விட்டாள். கரித்தூள் பேஸ்ட் வாங்கினாள், பல் கூசியதுதான் மிச்சம். கடைசியில் எந்த ஊரிலோ செய்த ஒரு ஜெல், அதோடு ஒரு நீல விளக்கு, தபாலில் வந்தது. வைக்கச் சொன்ன நேரத்தைப் போல மூன்று மடங்கு நேரம் வாயிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் குளியலறைக் கதவைத் தட்டித் திறந்தபோது ஈறெல்லாம் வெந்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள், சத்தம் வெளியே வரக்கூடாது என்று.

இதில் கொடுமை என்னவென்றால், மற்ற பற்கள் எல்லாம் நன்றாகவே வெளுத்துவிட்டன. அந்த ஒன்று மட்டும் அப்படியே நிற்கிறது. பக்கத்துப் பற்கள் பளிச்சென்று ஆனதால் முன்னைவிடக் கறுப்பாகத் தெரிகிறது.

போன தடவை நீங்கள் போனில், "எவன் பாக்கப் போறான் அவ பல்லை? வேலையத்த வேலை. நான் வந்து பேசிக்கிறேன்" என்று கத்தினீர்களே, அப்போது ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அன்று சாப்பிட வரவில்லை. அடுத்த முறை பேசும்போது தயவு செய்து பல்லைப் பற்றி ஒன்றும் கேட்காதீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இஞ்சின் ரூம் சூட்டில் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவீர்கள்.

என்றும் உங்கள்
அன்பு மனைவி

*

அன்புள்ள உங்களுக்கு,

முந்தைய கடிதம் கிடைத்ததா தெரியவில்லை. பதில் வரும்வரை காத்திருக்க முடியாததால் மறுபடி எழுதுகிறேன்.

பாப்புவைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். கடைத்தெரு முனையில், கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. டாக்டரம்மாவுக்கு நம் வயதுதான் இருக்கும். முதலில் ஈறைப் பார்த்துவிட்டு இது ஆறிவிடும், பயப்படாதே என்றார். பிறகு சின்னச் சின்னப் பொய்ப்பற்களை வரிசையாக ஒட்டிய ஒரு பட்டையை அவள் வாயோரம் பிடித்து நிறம் பார்த்தார். எனக்கும் புரிகிற மாதிரி விளக்கினார். வெளுக்கிற மருந்து பல்லின் மேல்பூச்சு வழியாக உள்ளே இறங்கி, காப்பி, டீ, வயது என்று காலப்போக்கில் படிந்த கறையை உடைத்துவிடுமாம். அந்த மாதிரிக் கறையாக இருந்தால், வாய்க்கு அளவெடுத்துச் செய்த தட்டில் லேசான மருந்தை வைத்து வீட்டிலேயே மெதுவாக வெளுக்கலாம். அவசரம் என்றால் ஈறுக்குக் காப்புப் போட்டு, காட்டமான மருந்தை அவரே வைப்பாராம். ஆனால் ஒற்றைப் பல் தனியாகக் கறுத்தால் அது கறை இல்லை. அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்து, நரம்பு செத்து, அந்த ரத்தம் பல்லுக்குள்ளேயே ஊறிப்போன நிறம். அதற்கு வெளியே எதைப் பூசினாலும் சுவருக்குள் இருக்கிற ஈரத்துக்கு மேலே சுண்ணாம்பு அடிக்கிற கதைதான் என்றார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். வேரின் நுனியில் நிழல் மாதிரி ஒரு திட்டு. சீழ் கட்ட ஆரம்பித்திருக்கிறதாம். இத்தனை வருடமும் வலி தெரியாமல் உள்ளுக்குள் இருந்திருக்கிறது. அழகுக்காக வந்ததில்தான் இது தெரிந்தது. வேலையத்த வேலை என்றீர்களே, அதனால் சொல்கிறேன்.

அப்புறம் டாக்டரம்மா சாதாரணமாகத்தான் கேட்டார், அடி எப்படிப் பட்டது என்று. நான் வழக்கமான பதிலைச் சொல்ல வாயெடுத்தேன். நாம் எல்லோருக்கும் சொல்லி வந்தது, சைக்கிளில் இருந்து விழுந்துவிட்டாள். அதற்குள் பாப்பு நாற்காலியில் சாய்ந்தபடியே சொன்னாள்: "அப்பா கன்னத்துல அறைஞ்சாங்க டாக்டர். சாப்பாட்டு மேஜை விளிம்புல வாய் இடிச்சுது. தண்ணியை அவங்க பேப்பர் மேல கொட்டிட்டேன். சைக்கிள் அதுக்கப்புறம்தான் வாங்கிக் குடுத்தாங்க."

குரல் உயரவில்லை, அழவும் இல்லை. வீட்டு விலாசம் சொல்வது போலச் சொன்னாள். அவளுக்கு அது மறந்துபோயிருக்கும் என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் மறக்கவில்லை. டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, "சரிம்மா, வாயைத் திற" என்றார்.

இப்போது என் கவலை வேறு. பல்லில் மெல்லியதாக ஒரு விரிசல் தெரிகிறது. அது மேல்பூச்சோடு நின்றிருந்தால் பிழைத்துக்கொள்ளும். ஈறுக்குக் கீழே இறங்கியிருந்தால் பல்லைப் பிடுங்க வேண்டியதுதான். உள்ளே சுத்தம் செய்து திறந்து பார்த்தால்தான் தெரியும் என்கிறார். பல்லைச் சீவி மேலே தொப்பி மாதிரி உறை போடலாமே என்று நான் கேட்டேன். சீவிய பல் திரும்ப வளராது, முதலில் உள்ளே மருந்து வைத்துப் பார்ப்போம், அதில் நிறம் வராவிட்டால் உறை இருக்கவே இருக்கிறது என்றார். பாப்புவும் உறை வேண்டாம் என்றுதான் சொன்னாள். "என் பல்லு இருக்கட்டும்மா" என்றாள்.

பெரிய பயம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் இருக்கிறேன். நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்
மனைவி

*

பாப்புவின் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் போன் செய்தீர்கள். என் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன என்றீர்கள். பல் என்னாயிற்று என்று கேட்பீர்கள் என்று காத்திருந்தேன். "அந்த டாக்டர் என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பா?" என்றுதான் கேட்டீர்கள். சமையலறையில் குக்கர் சத்தம் போடுகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குக்கர் அடுப்பிலேயே இல்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். விரிசல் மேல்பூச்சோடு நின்றிருக்கிறது. பல்லைத் திறந்த அன்று நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே மெஷின் சத்தம் நின்று நின்று வந்தது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிடுங்கப் போகிறார்கள் என்றே நினைத்தேன். டாக்டரம்மா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "பல்லு தப்பிச்சிடுச்சும்மா" என்றார்.

வேரைச் சுத்தம் செய்து அடைத்தார்கள். பல்லின் பின்பக்கம் சின்னத் துளை வழியாக உள்ளே வெளுக்கிற மருந்தை வைத்து மூடி அனுப்பிவிட்டார்கள். அது உள்ளிருந்தே வேலை செய்யுமாம். அவள் பாட்டுக்குப் பள்ளிக்குப் போய் வந்தாள். மருந்தை மாற்ற மாற்ற, கரி நிறம் சாம்பலாகி, சாம்பல் பழுப்பாகி, இப்போது பக்கத்துப் பல்லோடு ஏறக்குறைய சேர்ந்துவிட்டது. உற்றுப் பார்த்தால் ஒரு சாயல் வித்தியாசம் இருக்கிறது. இன்னொரு தடவை வைக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். பாப்பு வேண்டாம் என்றுவிட்டாள். அளவுக்கு மீறி வெளுத்தால் அதுவும் தனியாகத் தெரியும், இதுவே போதும் என்றாள். சில வருடம் கழித்து மறுபடி லேசாகக் கறுக்கலாம், அப்போது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வகுப்பில் இப்போது அவள் கை வாய்ப்பக்கம் போவதில்லையாம், வேலை நிரந்தரமாகிவிட்டது. பள்ளிக்குள்ளேயே ஆசிரியைகளுக்கு விடுதி இருக்கிறது. அதில் ஓர் அறை தருகிறார்களாம். போகப் போகிறாயா என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா வரட்டும்மா. எனக்கு அவங்க மேல கோபம்னு இல்ல. ஆனா இந்த வீட்டுல இன்னொரு தடவை யாராவது சைக்கிள் கதையைச் சொன்னா, நான் இங்க இருக்க மாட்டேன்." யாராவது என்றபோது என்னையும் பார்த்துத்தான் சொன்னாள்.

அவளுடைய பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதில் துணி இருக்கிறதா இல்லையா என்று நான் திறந்து பார்க்கவில்லை. பெருக்கும்போது அதை நகர்த்தாமலேயே சுற்றிப் பெருக்குகிறேன்.

அன்று அறைந்ததற்குப் பிறகு ஒரு முறைகூட நீங்கள் அவள் மேல் கை வைத்ததில்லை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் நீங்கள் குரலை உயர்த்தினால் அவள் இன்னும் தோளைக் குறுக்குகிறாள். நீங்கள் கவனித்திருக்கிறீர்களோ என்னவோ.

லீவு கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் வருகிறேன் என்றீர்கள். வாருங்கள். உங்கள் சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். கதவை அவள்தான் திறப்பாள், நான் உள்ளேயே இருப்பேன். அவளுக்குச் சாமான் ஒன்றும் வாங்கி வர வேண்டாம். வாசலில் நின்று பல் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடாதீர்கள். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள், அழுது காட்டவும் மாட்டாள். சும்மா நிற்பாள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பாள்.

கடவுள் புண்ணியத்தில் பத்திரமாக வந்து சேருங்கள். முதல் வார்த்தை உங்களுடையதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாப்புவின் அம்மா