மூன்றாம் பாகத்தில் யாரைக் கொல்வது

மாயாபந்தர்
9 பிப்ரவரி 2025

அன்புத் தம்பி ரவிசங்கருக்கு, கப்பல் ஜெட்டியில் பஜ்ஜிக்கடை வைத்திருக்கும் அக்கா சந்திரமதி எழுதுவது. இங்கே அந்தமானில் நான் நலம். நீ செய்த போன் விளையாட்டில் தினமும் செத்தாலும் மறுபடி எழுந்துவிடுகிறேன். போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே நீ கத்துகிறாய், அதனால்தான் காகிதம். பிழை இருந்தால் என் படிப்பை ஆறாவதோடு நிறுத்திய அப்பாவைத் திட்டு.

'கருநீர்க் கிரகம்' இரண்டு பாகமும் ஆடி முடித்துவிட்டேன். மூன்றாவதில் ஊர்சுற்றல் எவ்வளவு, சண்டை எவ்வளவு, கதை எவ்வளவு வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். முதல் பாகம்தான் எனக்குப் பிடித்தது. விண்கலத்தைத் தீவு தீவாக நிறுத்தி, ஊதாக் கடலில் இறங்கி, இரண்டு தலை நண்டைத் துரத்திக்கொண்டு யாரையும் சுடாமல் திரிந்தேன். இரண்டாவதில் கதவைத் திறந்தாலே ரத்தம். அந்தத் தளபதியின் கையை வெட்டினால் கை முளைக்கிறது. குடலை உருவினாலும் நடந்து வருகிறான். நெஞ்சைப் பிளந்தால்தான் சாகிறான். நானும் டீ குடித்துக்கொண்டே பிளந்தேன்.

ஆனால் அரே, அந்த மீசை! பேசும்போது கழுத்தைச் சொடுக்குகிற பழக்கம்! நான்கு கை வைத்துவிட்டால் எனக்கு அடையாளம் தெரியாதா? நம் மீனாவின் புருஷன் சுதாகர்தானே?

இப்படிக்கு,
உன் குண்டு அக்கா

சென்னை
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

ஆமாம், அவன்தான். போர்ட் பிளேர் ஷாதிபூர் வீட்டில் அவன் மீனா அக்காவை இரும்புக் குழாயால் அடித்தபோது நான் கதவுக்கு வெளியே நின்று தட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம் நிற்கும்வரை தட்டினேன். என் விளையாட்டில் அந்தக் கதவு உடையும்.

ஆடிப் பார்த்தவர்கள், சண்டை அதிகம், கதை இல்லை என்கிறார்கள். கதை எழுத உட்கார்ந்தால் அந்தக் கதவுதான் வருகிறது. அடுத்த மாதம் அவனை ஜெயிலிலிருந்து விடுதலை செய்கிறார்களாம். அவன் வெளியே வந்தால் நானும் அங்கே வருவேன். இந்த முறை தட்ட மாட்டேன்.

ரவி

மாயாபந்தர்
16 மார்ச் 2025

என் வீரத் தம்பிக்கு,

கோழி அறுப்பதைப் பார்த்து மயங்கி விழுந்தவன் நீ. நினைவிருக்கிறதா? கோழி எழுந்து ஓடியது, உன்னைத்தான் தூக்கிக்கொண்டு போனோம். நீ கொலை செய்யக் கிளம்பினால் கூட ஒரு ஆள் தண்ணீர்ச் செம்போடு வர வேண்டும்.

விளையாட்டை விடு, விஷயத்துக்கு வருகிறேன். அவன் வெளியே வந்துவிட்டான். நேற்றுக் கடைக்கு வந்தான்.

"மதினி, ரெண்டு பஜ்ஜி."

"கடை சாத்தியாச்சு."

"எண்ணெய் கொதிக்குதே மதினி." சிரித்தான். "மச்சான் என்னைய வச்சு கேம் பண்ணிருக்கானாமே? பசங்க போன்ல காமிச்சானுங்க. எதுக்கு நாலு கை? ரெண்டே போதும்னு அவனுக்குத் தெரியாதா?"

"உன் வாயில புழு விழ."

"மெயின்லேண்ட்ல எங்க இருக்கான்? அட்ரஸ் குடுங்க, பாராட்டிட்டு வரேன்."

நான் கொடுக்கவில்லை. நீ அறையை மாற்று. இங்கே வராதே. அந்தத் தளபதியையும் மூன்றாம் பாகத்திலிருந்து எடுத்துவிடு. ஒருத்தி உனக்காக எத்தனை தடவைதான் அவனைப் பிளப்பாள்? எனக்குக் கை வலிக்கிறது.

அக்கா

சென்னை
25 மார்ச் 2025

அக்கா,

அறையை மாற்றவில்லை. ஏப்ரல் இருபதாம் தேதிக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். கத்தி வாங்கிவிட்டேன். மூன்றாம் பாகத்தை நிறுத்திவிட்டேன், இனி அது தேவைப்படாது. பதில் எழுத வேண்டாம்.

ரவி

போர்ட் பிளேர் ஜெயில்
6 ஏப்ரல் 2025

தம்பி,

எழுத வேண்டாம் என்றால் எழுதாமல் இருக்க நான் என்ன உன் பெண்டாட்டியா? பக்கத்துக் கடை நாகரத்தினம் உனக்குப் போனில் அழுதிருப்பாள். அவள் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்வாள். நடந்தது இதுதான்.

உன் கடிதம் வந்த அன்றே அவனும் வந்தான். "கம்பெனி பேரைப் போட்டா போன்லயே அட்ரஸ் வருது மதினி, உங்க தயவு வேணாம்" என்று சென்னைக் கப்பல் டிக்கெட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டினான். "மீனா மாதிரி இல்ல, அவன் ஆம்பள. கொஞ்ச நேரம் தாங்குவான்" என்றான்.

அங்கிருந்து நீ, இங்கிருந்து அவன். நடுவில் என் எண்ணெய்ச் சட்டி. முகத்துக்குத்தான் தூக்கினேன். அதற்குள் கை கீழே இறங்கிவிட்டது. இரண்டு காலிலும் ஊற்றினேன். தோல் காலுறை மாதிரி கழன்று வந்தது தம்பி. உன் விளையாட்டில் அலறினால் அடுத்த கட்டம் வந்துவிடும். இங்கே வரவில்லை. அவன் அலறிக்கொண்டே இருந்தான். நான் அடுப்பை அணைத்துவிட்டு, குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து அவன் காலில் ஊற்றினேன், போலீஸ் தானாவிலிருந்து ஆள் வரும்வரை. ஏன் என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

உயிரோடு இருக்கிறான். நடப்பது கஷ்டம் என்கிறார் டாக்டர். அவனுக்கு இனி ஊர்சுற்றல் கிடையாது.

இங்கே எனக்குக் குறை ஒன்றுமில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றேன், சமையலுக்கே வா என்று கூப்பிட்டுவிட்டார்கள். எண்ணெய்ப் பக்கம் மட்டும் விடவில்லை, பயம் போலிருக்கிறது!

நீ கப்பல் டிக்கெட்டை ரத்து செய்யாதே. கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வா. சண்டை என் பங்கு, முடித்துவிட்டேன். உன் பங்குக்குச் சுற்று. நீ பிறந்த தீவை முழுசாகப் பார்த்ததே இல்லை. சுற்றிவிட்டு என்னைப் பார்க்க மனுப் போட்டு வா. கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கதையை நான் சொல்கிறேன். மீனா கடைசியில் எப்படிக் கத்தினாள் என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். அவள் எவ்வளவு பெரிய வாயாடி என்று உனக்கு யாருமே சொன்னதில்லை.

உன்,
சந்திரமதி அக்கா