உன் முகத்தில் யார் வரைந்த மீசை?

எனக்கு மட்டும் சில நேரம் அக்காவாகவும் இருந்த என் அண்ணனுக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. சாமான் எல்லாம் வாங்கியாயிற்று. படம்தான் பிரச்சனை.

மாலை போடுவதற்காக உன் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி மயிலாப்பூரில் ஒரு ஸ்டுடியோவில் அப்பா கொடுத்திருந்தார். நேற்று ஃபிரேம் போட்டு வந்தது. பிரித்துப் பார்த்த அம்மா, "வேற யார் படத்தையோ மாத்திக் குட்த்துட்டானா?" என்று கேட்டாள். பெற்றவளுக்கே உன்னை அடையாளம் தெரியவில்லை. மூக்குக்குக் கீழே கன்னங்கரேலென்று ஒரு மீசை!

"நான்தான் டச்சிங்ல மீசை வரையச் சொன்னேன்" என்றார் அப்பா. சித்தப்பா வேறு, "இப்பத்தான் அண்ணி, பையன் ஆம்பள மாதிரி கீறான்" என்று சிரித்தார்.

ஆடி மாதத்தில் சாந்தோம் குப்பத்து மேடையில் புடவை கட்டி ஆடப் போகும் நாளெல்லாம், காலையிலேயே மழுமழுவென்று சவரம் செய்துகொள்வாய். "மீசை எங்கடா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார் அப்பா. ஒரு தடவைகூட நீ வளர்த்துக்கொள்ளவில்லை. மஞ்சள் காமாலையில் நீ போன பிறகு வரைந்துவிட்டார்கள். எழுந்து வந்து முகம் கழுவிக்கொள்ள மாட்டாய் என்கிற தைரியம்தானே?

பத்தொன்பது வயதில் நீ யாரென்று உனக்கே முழுதாகத் தெரியவில்லை. ஒரு நாள் நான் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா?

"தெர்லமே. பொண்ணா, பையனா, ரெண்டுமான்னு பாத்துக்கினு கீறேன். ஆனா பொடவை கட்னா மூச்சு நல்லா வருது. நீ தெச்ச டைட் ஜாக்கெட்லயே வருதுன்னா பாத்துக்க!"

தேடிக்கொண்டிருந்த உனக்குப் பதிலாக இவர்கள் எப்படி விடை எழுதலாம்?

நான் எட்டாவதோடு நின்றவள். தி.நகர் தையல் கடையில் அளவு கொடுக்க வருகிறவர்களிடம்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவள். இன்று காலை அந்த ஸ்டுடியோவுக்குத் தனியாகப் போனேன். "மீசையை அழிங்க" என்றேன்.

"இன்னாமா நீ! உங்க நைனா சொன்னாரு, போட்டேன். அழிச்சா படமே பூடும்."

"அப்போ நெகட்டிவ்லேர்ந்து புதுசா போடுங்க. மீசை வச்சா அது எங்க அண்ணனே இல்ல!"

கத்திவிட்டேன் அண்ணா. பாஸ்போர்ட் படத்துக்காக உட்கார்ந்திருந்தவர் எழுந்தே நின்றுவிட்டார். சனிக்கிழமை தருவதாக ஸ்டுடியோக்காரர் ஒத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "அந்தப் படம் உள்ள வந்தா, நீ வெளிய போ" என்றார் அப்பா. அம்மா மீசைப் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதை என்னவென்று எடுத்துக்கொள்வது?

அம்மா என் பக்கமோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமை உன் படத்தை நான்தான் கொண்டுவருவேன். சுவரில் இடம் தராவிட்டால் மடியில் வைத்துக்கொண்டு நடு வீட்டில் உட்காருவேன். உனக்கு மாலை போட வருகிற ஒவ்வொருவரும் உன் சொந்த முகத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
தேவி