அணிலுக்குப் பின்னால் வரும் ஒட்டகம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினோரு தடவை மலையிலிருந்து விழுந்தேன். பத்தாவது தடவை சரியாக விழுந்துவிட்டேன் என்றார் இயக்குநர். அப்புறம் பதினொன்றாவது எதற்காம்? "சும்மா, எதுக்கும் ஒண்ணு இருக்கட்டும்" என்றார். ஒட்டகமாக இருந்தால் இதெல்லாம் உண்டு.

பதினான்கு வருடமாக, வாரத்துக்கு ஒரு நாள், குழந்தைகள் பார்க்கிற இந்தக் கார்ட்டூனில் நான் ஒட்டகம். பெயர் பொட்டலம். முதுகுத் திமில் யாரோ அவசரமாகக் கட்டிவைத்த மூட்டை மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். கதாநாயகன் மின்னல் என்கிற அணில். மின்னல் முன்னால் பாயும், பொட்டலம் பின்னால் புலம்பிக்கொண்டே போகும். "நீ போ, நான் பயந்துக்கிட்டே வரேன்." இந்த வசனத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேனோ! பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போகும்போதுகூட இதைச் சொல்லிக்கொண்டுதான் போகிறார்கள்.

அணிலுக்குக் குரல் கொடுப்பவள் வெண்கலம். அது அவள் பெயரில்லை, அந்தக் குரலுக்கு நாங்கள் வைத்த பெயர். நாற்பத்தாறு வயதுப் பெண்மணி வாயைத் திறந்தால் எட்டு வயது அணில் குதிக்கும். இன்று நடுவில் இரண்டு தடவை இருமினாள். தூசி என்றாள்.

மார்ச் 11, செவ்வாய்

தூசி இல்லை போலிருக்கிறது.

கடைசிக் காட்சி. பாலம் ஆடுகிறது, ஒட்டகம் நடுங்குகிறது, அணில் திரும்பிப் பார்த்து, "பயப்படாதே, நான் இருக்கேன்!" என்று கத்த வேண்டும். 'இருக்கேன்' வரும்போது அவள் குரல் துணி கிழிவதுபோலக் கிழிந்தது. ஆறு தடவை சொன்னாள், ஆறு தடவையும் கிழிந்தது. "நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கறேன்" என்று தொண்டையைப் பிடித்துக்கொண்டு நாலரை மணிப் பேருந்துக்கு ஓடிவிட்டாள்.

நாளைக் காலையிலேயே படம் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போக வேண்டும். ஒலிப்பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவரை நாங்கள் 'காது' என்று கூப்பிடுவோம். ஈ பறந்தாலும் ஆண் ஈயா பெண் ஈயா என்று சொல்லிவிடுவார்.

எனக்கு அவள் வசனம் முழுக்கத் தெரியும். என் வசனத்தை நான் மனப்பாடம் செய்வதே இல்லை, அவளுடையதைத்தான் செய்வேன். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று தெரிந்துவிட்டால், எப்படிச் சொல்கிறாள் என்பதை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கலாம். என் பதில் தானாக வந்துவிடும். போதாததற்கு, அணிலின் சில்லறையும் பல வருடமாக என் கையில்தான். சில்லறை என்றால் தும்மல், விக்கல், மூச்சிரைப்பு, வழுக்கி விழுகிற "ஐயோ". பதிவு முடிந்த பிறகு அதையெல்லாம் தனியாக எடுப்பார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டால், "நீயே பார்த்துக்கோடி" என்று சொல்லிவிட்டு வெண்கலம் போய்விடுவாள். இது எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

அவள் ஒலிவாங்கி முன்னால் போய் நின்றேன். "பயப்படாதே, நான் இருக்கேன்!" ஒரே தடவைதான். அச்சு அசல் அணில்.

காது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் வயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஒரு வரிதானே? தும்மலைச் சொல்லலாம், வார்த்தையைச் சொல்லக் கூடாதா? நாளைக்குக் காலையில் அவளிடம் சொல்லிவிட வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

வெண்கலத்துக்குக் குரல்நாணில் கட்டி. ஆபத்தானது இல்லையாம், ஆனால் அறுவை சிகிச்சை செய்தே ஆக வேண்டுமாம். இந்த நேரத்தில் போய் வரி கிரி என்று எப்படிச் சொல்வது?

மார்ச் 23, ஞாயிறு

அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. அவளைப் பார்த்துவிட்டு வந்தேன். பதினைந்து நாள் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டுகிறாள். கோபம் வந்தால் பேனா மூன்று பக்கம் தாண்டி அழுந்துகிறது. பாவம் அவள் கணவர்! கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தன்னைத் திட்டி எழுதியதைத் தானே சத்தமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. "'சோத்துக்கு உப்புப் போடத் தெரியாத மனுஷன்'... சரி, அப்புறம்?" என்று கேட்கிறார்.

கிளம்பும்போது, "அணில் எப்படி இருக்கு?" என்று எழுதிக் காட்டினாள்.

"லீவுல இருக்கு" என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வெண்கலம் பேசிவிட்டாள். தொலைபேசியில் "நான்தான்டி" என்றாள். யாரோ ஆண் பிள்ளை என்று நினைத்து, "யாரு வேணும் உங்களுக்கு?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

பட்டென்று வைத்துவிட்டாள். என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன.

ஏப்ரல் 10, வியாழன்

இயக்குநர் அழைத்தார். வெண்கலத்தின் பழைய குரல் திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். "நீங்களே அணிலையும் பண்ணிடுங்க. ஒட்டகமும் உங்ககிட்டயே இருக்கட்டும். பாலம் காட்சியில நீங்க பேசினதைக் காது சொன்னார். எனக்கே வித்தியாசம் தெரியலையே!"

வீட்டில் இவர் குதித்தார். "அப்ப இனிமே நீதான் ஹீரோ!" குக்கர் விசில் அடித்தது, அதுவும் கைதட்டல் மாதிரி இருக்கிறது என்றார்.

நான் சரி என்றுதான் சொல்லியிருக்கிறேன். வேறு என்ன சொல்வது? வேறு யாரையோ கூட்டிக்கொண்டு வந்தால் அது வெண்கலத்துக்கு நல்லதா? இப்படிக் கேட்டுக்கொண்டால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அவளைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. அது எந்த ஊர் நியாயம்?

ஏப்ரல் 15, செவ்வாய்

இரண்டு குரலையும் நானே பேசினேன். முதலில் அணிலின் பக்கம் முழுக்க, அப்புறம் ஒட்டகத்தின் பக்கம். வழக்கமாக ஒரு நாள் முழுக்க இழுக்கிற வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து படுத்துவிட்டேன். காய்ச்சல் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

இருபது குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்துப் புதுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள்: "மின்னலுக்கும் பொட்டலத்துக்கும் சண்டையா?"

"இல்லையே கண்ணு, ஏன் அப்படிக் கேக்கற?" என்றார் இயக்குநர்.

"மின்னல் பேசறதைப் பொட்டலம் கேக்கவே இல்ல. அதுபாட்டுக்குப் பேசுது."

இயக்குநர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை சொன்னது நிஜம். நான் பேசி நானே பதில் சொன்னால், நடுவில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

ஏப்ரல் 24, வியாழன்

வெண்கலம் தொலைபேசியை எடுக்கவில்லை. ஏழு தடவை.

ஏப்ரல் 27, ஞாயிறு

நேரில் போனேன். கதவைத் திறந்தவள் வழி விடாமல் நின்றாள்.

"பாலத்துல அந்த வரி. நீதானே?"

எந்த வரி என்று கேட்கிற அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. தலையை ஆட்டினேன்.

"டிவியில பார்த்தேன். வாயைத் தொறக்கக் கூடாதுன்னு உக்காந்திருக்கேன், அங்க நான் பேசறேன். 'நான் இருக்கேன்'ங்கறேன். என் புருஷனுக்கே தெரியலடி! 'உன் குரல் எவ்ளோ நல்லா இருக்கு பாரு, சீக்கிரம் திரும்ப வந்துடும்'ங்கறார்."

"படம் காலைலயே போகணும்னு..."

"தெரியும். நல்லதுக்குத்தான் பண்ணின. அதான் ஆத்திரமே. கெட்டது பண்ணியிருந்தா நாலு கத்து கத்திட்டு விட்டிருப்பேன். சொல்லியிருக்கலாம்ல? நான் லீவுல இருக்கேன்னு நெனச்சிட்டு இருந்தேன். இப்ப அணிலே நீதானாம். நான் இல்லவே இல்லன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரியல."

அழுதேன். வாசலிலேயே, நின்றபடி, மூக்கு ஒழுக. அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் உள்ளே திரும்பி நடந்துகொண்டே முணுமுணுத்தாள்: "வா, உள்ள வந்து தொலை. வெயில்ல நின்னு மயக்கம் போட்டு விழுந்தா அதுக்கும் நான்தான் தூக்கணும். எனக்குன்னு வந்து சேர்ந்திருக்கு பாரு..."

எனக்கு அழுகை சட்டென்று நின்றுவிட்டது. அந்தக் கரகரப்பு, அந்த இழுவை, திட்டிக்கொண்டே கூப்பிடுகிற அந்தத் தினுசு. அது பொட்டலம். நான் பதினான்கு வருடமாகத் தொண்டையை அழுத்தி அழுத்தி வரவழைத்தது அவளிடம் சும்மா கிடக்கிறது.

அந்தக் குரலை நான் கேட்டிருக்கக் கூடாது.

ஏப்ரல் 28, திங்கள்

யாரும் என்னைக் கேட்கவில்லை. அவளிடம் பொட்டலத்தின் குரல் இருப்பதை நான் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதும் இல்லை.

ஏப்ரல் 30, புதன்

அணில்தான் பெரிய வேஷம், ஒட்டகம் எடுபிடி. அதனால் ஒட்டகத்தைக் கொடுப்பது தியாகம் இல்லை, லாபம் என்றுதான் ஊர் சொல்லும். ஊருக்கு என்ன தெரியும்?

வீட்டில் நான் இரண்டாவது பெண். அக்கா போட்டுக் கழித்த சட்டை, அக்கா படித்து முடித்த புத்தகம், அக்கா பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுகிற ஆசிரியர்கள். எங்கே போனாலும் பின்னால் போகிறவள். அது வெட்கமாகவே இருந்தது, இந்த ஒட்டகம் வருகிறவரைக்கும். பொட்டலத்துக்கு எதைக் கண்டாலும் பயம். ஆனால் ஒரு தடவைகூட வரமாட்டேன் என்று சொன்னதில்லை. குழந்தைகள் கடிதம் எழுதுவது அணிலுக்கு இல்லை, ஒட்டகத்துக்குத்தான். எனக்கு வந்த கடிதங்கள் இரண்டு பெட்டி நிறைய இருக்கின்றன. இதைக் கொடுத்துவிட்டு நான் யாராக இருப்பேன்?

இவரிடம் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டார். அதிசயம்தான். அப்புறம், "குடுன்னு நான் சொன்னா ஆயுசு முழுக்க என்னைத் திட்டுவே. குடுக்காதேன்னு சொன்னா நாளைலேர்ந்தே திட்டுவே. நீயே முடிவு பண்ணிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டார்.

மே 2, வெள்ளி

இயக்குநரிடம் சொல்லிவிட்டேன்: நான் அணில், வெண்கலம் ஒட்டகம். "அவங்க ஹீரோவா இருந்தவங்க, பின்னாடி வரச் சொன்னா வருவாங்களா?" என்று கேட்டார். "அந்தச் சிறுமி சொன்னதை யோசிச்சுப் பாருங்க சார். எனக்குக் காது குடுத்துக் கேக்கறதுக்கு ஓர் ஆள் வேணும்" என்றேன். பார்க்கலாம் என்றார்.

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

இயக்குநர் சம்மதித்துவிட்டார். போய்ச் சொன்னதும் வெண்கலம் முதலில், "என்னடி, பரிதாபமா?" என்றாள்.

"இல்ல, சுயநலம். தனியா பேசிப் பேசிப் பைத்தியம் பிடிக்குது."

"உன் ஒட்டகத்தை எனக்குக் குடுத்துட்டு, அப்புறம் நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா?"

"வெச்சுப்பேன். கொஞ்ச நாள் வெச்சுப்பேன். கண்டுக்காதே."

சிரித்தாள். சிரிப்பும் கரகரவென்றுதான் இருந்தது. வருகிறேன் என்றாள், வரமாட்டேன் என்றாள், சமையலறைக்குப் போய்த் திரும்பி வந்து வருகிறேன் என்றாள்.

மே 13, செவ்வாய்

முதல் பதிவு. கூத்து!

பதினான்கு வருடம் முந்திக்கொண்டு பேசியவள் அவள். நான் வாயைத் திறப்பதற்குள் ஒட்டகம் பதில் சொல்லிவிடுகிறது. பதினான்கு வருடம் காத்திருந்து பேசியவள் நான். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் முகத்தைப் பார்க்கிறேன். "ஏம்மா, அணில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டிருந்தா ஆத்தை யார் தாண்டறது?" என்று இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மத்தியானத்துக்கு மேல் காது எழுந்து வந்தார். எதிரும் புதிருமாக இருந்த இரண்டு ஒலிவாங்கிகளில் அவளுடையதைத் தூக்கிக்கொண்டு போய் என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். "இப்பப் பேசுங்க" என்றார்.

எனக்கு முன்னால் வெறும் சுவர். "வா, தாண்டிடலாம்!" என்று கத்தினேன். பின்னால் சத்தமே இல்லை. என் கழுத்துக்குப் பின்னால் அவள் மூச்சை இழுத்தாள். அப்புறம் மெதுவாக, அலுத்துக்கொண்டே, அந்தக் குரல் வந்தது: "நீ போ, நான் பயந்துக்கிட்டே வரேன்."

பதினான்கு வருடம் அந்த வசனத்தைச் சொன்னேன். அதைப் பின்னாலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்த மாதிரி இருக்கிறது. இது இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆற்றைத் தாண்டலாம். வெண்கலம் இத்தனை வருடம் இதைக் கேட்டுக்கொண்டுதான் பாய்ந்திருக்கிறாள், என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

நான் அழுததில் இரண்டு தடவை திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது.

மே 20, செவ்வாய்

இன்று நான்கு தடவைதான் திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 1, செவ்வாய்

புதுப் படங்கள் ஒளிபரப்பாகின்றன. கடிதங்கள் வந்தன. பொட்டலத்துக்குச் சளியா, கஷாயம் குடிக்கச் சொல்லுங்கள் என்று ஒன்று. பிரித்துப் படித்துவிட்டு வெண்கலத்திடம் கொடுத்தேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். அவளும் சொன்னபடி கண்டுகொள்ளவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

வெண்கலத்தோடு மருந்துக்கடைக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். "இந்த மாத்திரையைப் பொடி பண்ணிச் சாப்பிடலாமா? பெருசா இருந்தா எனக்குப் பயம்" என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா, பொட்டலம்!"

நான் திரும்பிவிட்டேன். நாலு வயது இருக்கும், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை. குனிந்தும் விட்டேன், வாயில் குரல்கூடத் தயாராக வந்து நின்றது. குழந்தை என்னைத் தாண்டி வெண்கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வலித்தது. இங்கேயாவது ஒளிக்காமல் எழுதுகிறேன். நன்றாகவே வலித்தது.

வெண்கலம் என்னைப் பார்த்தாள். நான் நகர்ந்து வழி விட்டேன். அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குழந்தை முன்னால் உட்கார்ந்தாள். "உஷ்! சத்தமா சொல்லாதே. ஊசி போட்டுடுவாங்க."

குழந்தை அவள் விரலைப் பிடித்துக்கொண்டது. "மின்னல் எங்க?"

"இதோ, இவங்கதான்."

குழந்தை என்னை மேலும் கீழும் பார்த்தது. "பொய்" என்றது.

ஒரு வார்த்தை பேசிக் காட்டியிருந்தால் நம்பியிருக்கும். அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். நான் பேசவில்லை. வெண்கலம் சிரித்துக்கொண்டிருந்தாள், நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்த அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகு இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"உங்களுக்கு நேரமாகுதோ என்னவோ, இவ விடவே மாட்டா" என்று குழந்தையின் அப்பா சங்கடப்பட்டார்.

"ஆகட்டும், ஒண்ணும் அவசரமில்லை" என்றேன்.