விஸ்கி சவரும் கடலைத் தண்ணீரும்

பெப். 18, புதன்

காலையில் மூடுபனி, பத்து மணிக்கே கொளுத்தும் வெயில். சீகிரியா பஸ்ஸில் மாத்தளையிலிருந்தே நின்றபடி. கூடத்து பல்பு போய்விட்டது, வாங்க வேண்டும்.

ஹோட்டல் பார்மேன் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டான். அந்த இடத்துக்கு என்னைப் பார்க்கலாம் என்றார் மேனேஜர். 24ஆம் தேதி அவர் முன்னால் ஒரு விஸ்கி சவர், அந்தப் புளிப்புக் காக்டெயில், கலந்து காட்ட வேண்டும். சரியாக வந்தால் நிரந்தர வேலை. வராவிட்டால் சீசனோடு வெயிட்டர் வேலையும் முடிந்தது.

கையில் காப்பு. தேர் முடியும்வரை மச்ச மாமிசம், முட்டை, மது எதுவும் வாயில் படக்கூடாது. போன வருடம் மகள் டெங்குவில் கிடந்தபோது நானே அம்மனுக்கு நேர்ந்துகொண்டது. யாரைக் குறை சொல்ல?

பெப். 19, வியாழன்

அளவு (பாணி மருந்துப் போத்தல் மூடியால்): விஸ்கி 4, தேசிக்காய்ச் சாறு 2, சீனிப்பாகு 1, முட்டை வெள்ளைக்கரு 1. ஐஸ். நன்றாகக் குலுக்க, மேலே நுரை நிற்க வேண்டும்.

பார்மேன் விட்டுப்போன கால் போத்தல் விஸ்கியை வைத்து வீட்டில் பழகலாமென்றால் செல்வி விடவில்லை.

"போத்தல் துணி துவைக்கிற கல்லோட நிக்கட்டும். முட்ட வீட்டுக்குள்ள வராதுங்க. காப்பு கட்டுன கையால ஒடைக்கவும் கூடாது."

பொண்டாட்டி சொல்வது நியாயம்தான். விஸ்கிக்குப் பதில் பிளேன்டீ. வெள்ளைக்கருவுக்குப் பதில் ஒன்றுமில்லை. நுரை துளியும் இல்லை. பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி.

பல்பு மறந்தேன்.

பெப். 20, வெள்ளி

படையலுக்குச் செல்வி கொண்டைக்கடலை அவித்தாள். தண்ணீரை வடித்துக் கொட்டப் போகையில் பார்த்தேன், மேலே நுரை. ஜாம் போத்தலில் ஊற்றிக் குலுக்கினேன். அரை விரல் உயரத்துக்கு எழும்பி அப்படியே நின்றது. முட்டையே வேண்டாம். சந்தோஷம் தாங்கவில்லை.

இன்னொன்று. படையல் சமைக்கும்போது அவள் உப்புப் பார்ப்பதில்லை. சாமிக்கு முன்னால் நம் நாக்கில் படக்கூடாது. எல்லாம் கைக்கணக்கு, ஒருநாளும் பிசகியதில்லை. அவளால் முடிகிறது. என்னால் முடியாதா?

பெப். 22, ஞாயிறு

செல்வியின் அண்ணன் வந்தார். விரதம் இல்லாதவர். அந்தக் கால் போத்தல் விஸ்கியில், கடலைத் தண்ணீர் சேர்த்து, துவைக்கிற கல்லடியில் நின்று கலந்து கொடுத்தேன். ஒரே மடக்கு. உதட்டை நக்கிக்கொண்டார்.

"நல்லாருக்கு மச்சான். தொட்டுக்க பைட்ஸ்கூட தேவப்படல."

சாராயம் குடிக்கிறவர். எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கும். வேறு யாரிடம் கேட்பது? பக்கத்து வீட்டு நானாவுக்கு ரமழான் நோன்பு, இல்லாவிட்டால் மட்டும் அவரிடம் கேட்க முடியுமா? பயமாக இருக்கிறது.

பெப். 24, செவ்வாய்

விடியற்காலை செல்வி படையலுக்கு அவித்த கடலையின் தண்ணீர், ஜாம் போத்தலில், பைக்குள்.

காப்புக் கையால் முட்டை உடைக்க மாட்டேன் என்றதற்கு மேனேஜர் தலையாட்டினார். அளவு தவறவில்லை. நுரை அழகாக நின்றது. கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். ஒரு வாய் குடித்தார். கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார்.

சிங்களத்தில், மெதுவாகத்தான் கேட்டார். "இதுல ஏன் உப்பு? நீங்க ருசி பாக்கலையா?"

கடலைக்குப் போட்ட உப்பு. நான் நுரையைத்தான் பார்த்தேன். மச்சான் பைட்ஸ் வேண்டாமென்றது அப்போதுதான் உறைத்தது, மடையன் எனக்கு. கையைத் தூக்கிக் காப்பைக் காட்டினேன். குடிக்கிறவனுக்கு முன்னால் கலக்கிறவன் ஒரு சொட்டாவது ருசி பார்க்க வேண்டும், இந்த வேலையே அதுதான் என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை. நாளைக்கு நாவுல ஊர்க்காரன் ஒருவன் கலந்து காட்டுகிறானாம்.

பல்பு வாங்கினேன். மாட்டினேன்.

மாலைப் பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. என் முகத்திலேயே செல்விக்குத் தெரிந்திருக்கும். காலையில் அவித்த அதே கடலையைத் தட்டில் வைத்தாள்.

"உப்புப் பாக்கலங்க. சரியா இருக்கா?"

சரியாக இருந்தது.